சாணைக்கல்லும் மாணிக்கமும் ஒரே வம்சம்

டி. கல்லுப்பட்டித் தெருவில் சாணை பிடிக்கிறவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு மிதிக்கத் தொடங்கினால் போதும், அரிவாள்மனையும் கத்தியுமாக நாலு வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். பொறி கல்லிலிருந்து பறப்பதாகத்தான் தோன்றும். உண்மையில், கல் சீவியெடுத்த இரும்புத் துணுக்குகள்தாம் காற்றில் எரிகின்றன. எஃகையே சீவும் அந்தக் கல்லின் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு, அதாவது அலுமினா. அது பூமிக்குள் தானே படிகமாக உறைந்தால் குருந்தம். குரோமியம் துளி கலந்து சிவந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீலம் பாய்ந்தால் நீலக்கல்.

1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10. ஒரு படிதானே என்று நினைக்க வேண்டாம். அளந்து பார்த்தால் வைரம் ஏறத்தாழ நாலு மடங்கு கடினம்.

அலுமினியம் மண்ணெங்கும் இருக்கிறது. குருந்தம் மட்டும் ஏன் அரிது? சிலிக்காதான் காரணம். பாறைக்குழம்பில் சிலிக்கா தாராளமாக இருந்தால் அலுமினா அதோடு கூடி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமாகிவிடும். சிலிக்கா பற்றாத இடத்தில் மிஞ்சுகிற அலுமினாதான் குருந்தமாகத் தனித்து நிற்கும். காங்கேயத்தை அடுத்த சிவன்மலை அப்படிப்பட்ட இடம். அங்குள்ள குருந்தப் பாறைகளைப் பற்றி ஹாலந்து என்ற புவியியலாளர் 1901இலேயே விரிவாக எழுதினார். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நொய்யல் கரைக் கொடுமணலில், நீலக்கல்லிலும் பளிங்கிலும் (குவார்ட்ஸ்) மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. பளிங்கின் கடினம் 7. அதைத் தேய்க்கக் குருந்தப் பொடிக்கு மேல் வேறென்ன வேண்டும்!

பழைய சாணைச் சக்கரமே அந்தப் பொடியை உருகிய அரக்கில் குழைத்து வார்த்ததுதான். ஒருவர் வாரை முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுழற்ற, இன்னொருவர் கத்தியைப் பிடிப்பார். அரக்கு சூட்டில் இளகும் என்பதால் இன்றைய மோட்டார் வேகமெல்லாம் அதற்கு ஆகாது. இந்தக் குருந்தம் தென்னிந்தியாவிலிருந்து லண்டன் போனது; 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். தமிழ்ப் பெயரும் கூடவே கப்பலேறி, ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆனது.

1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் பளபளக்கும் படிகம் ஒன்றைக் கண்டார். கார்பனும் குருந்தமும் கலந்தது என்று எண்ணி ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். அதில் குருந்தம் துளியும் இல்லை, சிலிக்கான் கார்பைடு. தவறான பெயர் நிலைத்தது; 1954இல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் வரை அது வந்துவிட்டது.

இப்போது சாணைக்குப் பெரும்பாலும் மலையைத் தோண்டுவதில்லை. பாக்சைட்டை 2,000 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி, ஆறவைத்து, உடைத்துச் சலிக்கிறார்கள். மாணிக்கத்தையும் விடவில்லை: 1902இல் பிரான்சின் வெர்னுயி, அலுமினாத் தூளைச் சுடர் வழியே சொட்டவிட்டு வளர்க்கும் முறையை அறிவித்தார். விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் ‘சஃபையர்’ கண்ணாடியும் ஆலையில் வளர்த்த நிறமற்ற குருந்தம்தான். அதை அறுக்கச் சாணைக்கல் போதாது. வைரத்தூள் பதித்த ரம்பம் வேண்டும்.