சித்தன்னவாசல் நீலமும் நீலப்பொடிப் பொட்டலமும்

சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக்குளம் இருக்கிறது. அன்னம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆண்கள் என்று குளம் நிறைந்து கிடக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் இந்த ஓவியத்தின் பூச்சையும் நிறங்களையும் ஆராய்ந்தார். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு விறகுக்கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி. இவற்றைத் தேடி யாரும் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை. நீலத்தின் கதைதான் வேறு. அது அல்ட்ராமரின், லாபிஸ் லசுலி என்ற கல்லை அரைத்து எடுத்த நிறம். பழைய உலகத்துக்கு அந்தக் கல்லைக் கொடுத்த பேர்போன சுரங்கம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் இருக்கிறது.

பக்கத்து ஊரான அன்னவாசலின் குழந்தைகளுக்குச் சித்தன்னவாசல் மலை சைக்கிளில் போய்வரும் தூரம். கல்விச் சுற்றுலாவுக்கு வெளியூர் வண்டிகள் வந்து நிற்பதைப் பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் ‘உலகப் பண்பாடுகள்’ என்று பாடம் வந்தால், சார்ட் தாளில் ஒட்டிய கொடிகளும் ஈபிள் கோபுரமும்தான் அவர்கள் கண்முன் நிற்கின்றன. இந்தக் குழந்தைகளுக்கு உலகத்தைச் சொல்லிக்கொடுக்கச் சித்தன்னவாசலின் நீலத்தைவிட நல்ல வாசல் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. கையால் செய்து பார்க்க வேண்டும்.

கையால் செய்து கற்பதைப் பிரான்சு நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் நெடுங்காலமாகப் பழகிவருகின்றன. முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டுக்காயம் பட்ட செலஸ்தேன் ஃபிரெனே என்ற ஆசிரியர் 1920இல் பார்-சூர்-லூ என்ற தெற்குக் கிராமத்துப் பள்ளிக்கு வந்தார். நீண்ட நேரம் உரத்துப் பேச அவரால் முடியவில்லை. பிள்ளைகளை நெசவாளர் வீட்டுக்கும் தச்சர் பட்டறைக்கும் வயலுக்கும் அழைத்துப் போனார். வகுப்பில் ஒரு சின்ன அச்சுப்பொறி வைத்து, பார்த்ததை அவர்களே எழுத்துக் கோத்து அச்சிடச் செய்தார். பிறகு நாட்டின் மறுகோடியில் இருக்கும் பிரிட்டனியில் ரெனே தனியேல் என்ற ஆசிரியரின் வகுப்போடு கடிதத் தொடர்பு தொடங்கியது. அச்சிட்ட தாள்கள் போயின, வந்தன. கூடவே தங்கள் ஊரில் கிடைப்பதையும் பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டார்கள். ஒருபக்கம் மலைக்கிராமம், மறுபக்கம் கடலோரம். அந்தக் காலத்துப் பிரிட்டனியில் வீட்டில் பேசும் மொழியே வேறு. ஒரே நாட்டுக்குள் ஒரு வெளிநாட்டைத் தொட்டுப் பார்த்தார்கள் அந்தப் பிள்ளைகள்.

பிறகு 1996இல், இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜ் சார்பக், பியேர் லேனா, ஈவ் கேரே ஆகியோர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் துணையோடு ‘லா மேன் ஆ லா பாத்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தை தானே கேள்வி கேட்டு, தானே சோதனை செய்து, கண்டதைத் தன் சொந்தச் சொற்களில் நோட்டில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் முதலில் அது குழந்தையின் வாக்கியமாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து எடுத்த செயல்வழிக் கற்றலை ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் கொண்டுவந்தார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. ஏணிப்படி, அட்டைகள், குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை, பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் ஆடல், பாடல், பொம்மை எல்லாம் உண்டு. மொழிக்கும் கணக்கிற்கும் கை வந்துவிட்டது. உலகத்தைப் பற்றிய பாடத்துக்குத்தான் இன்னும் வரவில்லை.

கை சேர்ந்தால் மூளையில் என்ன நடக்கிறது? 1980களின் தொடக்கத்திலிருந்து உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். ‘தீக்குச்சியை உடை’, ‘புத்தகத்தைத் திற’ என்பது போன்ற தொடர்களை ஒரு குழுவினர் கேட்க மட்டும் செய்தார்கள். இன்னொரு குழுவினர் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தார்கள். பிறகு நினைவுபடுத்தச் சொன்னால், செய்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. 2012இல் அமெரிக்காவில் கரின் ஜேம்ஸ், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார். எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகிய பிறகு அதே எழுத்துகளைக் காட்டியபோது, படிக்கத் தெரிந்தவர்களின் மூளையில் இயங்கும் பகுதிகள் அவர்களுக்கும் இயங்கின. விசைப்பலகையில் தட்டிப் பழகிய எழுத்துகளுக்கு அப்படி நடக்கவில்லை.

மனிதர் நேரில் இருப்பதற்கும் ஒரு பங்கு உண்டு. 2003இல் பட்ரீசியா கூல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசும் பெரியவர்கள் பன்னிரண்டு அமர்வுகள் விளையாடினார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள். சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறிவதில் அந்தக் குழந்தைகள் தைவான் குழந்தைகளுக்கு ஈடாக நின்றார்கள். அதே பெரியவர்களை, அதே விளையாட்டை, திரையில் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஸ்மார்ட் வகுப்பறையில் உலகத்தைக் காட்டிவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவர்கள் இந்த ஆய்வைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

கையால் செய்வது என்றால் மாறுவேடம் போடுவது அல்ல. காகிதத் தொப்பி வைத்து ‘நான் ஜப்பான்காரன்’ என்று சொல்ல வைத்தால், ஜப்பானில் எல்லோரும் எந்நாளும் அப்படித்தான் இருப்பார்கள் என்ற எண்ணமே குழந்தையின் மனதில் பதியும். ஒரு மக்கள் கூட்டம் எந்தப் பொருளை வைத்து, எந்தச் சிக்கலை, எப்படித் தீர்த்தது? அந்தச் சிக்கல் குழந்தையின் கைக்கு வர வேண்டும்.

சித்தன்னவாசல் சுவரின் சிக்கலையே கொடுத்துப் பார்க்கலாம். உடைந்த நாட்டு ஓடுகள், நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல், காவிக்கல், கரி இருந்தால் போதும். சுண்ணாம்பைப் பெரியவர்கள் முன்பே நீற்றி வைத்துவிட வேண்டும். கொதிக்கும் சுண்ணாம்பின் பக்கம் குழந்தைகள் போகக்கூடாது. பூச்சு வேலையும் ஆசிரியர் கரண்டியால் செய்ய வேண்டியதுதான். குழந்தைகள் காவிக்கல்லை அம்மியில் உரசி, தண்ணீர் மட்டும் விட்டுக் குழைத்துக்கொள்வார்கள். பசை கிடையாது. பாதி ஓடுகளில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் வரைவார்கள். மீதியை நன்றாகக் காயவிட்டு வரைவார்கள். எல்லாவற்றையும் நிழலில் வைத்து, சில வாரம் கழித்து ஈர விரலால் தேய்த்துப் பார்த்தால், காய்ந்த பூச்சில் வரைந்தது விரலோடு வந்துவிடும். ஈரத்தில் வரைந்தது அசையாது.

இதன் காரணம் ஆச்சரியமானது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால், இழந்த அந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது. ஈரப் பூச்சின் மேல் வைத்த காவித்துகள் அந்தப் புதிய கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஓடு காயும் அறையில் நாற்பது குழந்தைகள் உட்கார்ந்திருந்தால், அவர்கள் விட்ட மூச்சில் ஒரு பங்கும் அந்தக் கல்லுக்குள் போய்ச் சேரும். சித்தன்னவாசலில் வரைந்தது ஈரத்திலா, காய்ந்த பின்னரா என்பது அறிஞர்கள் பேசிவரும் கேள்வி. ஓட்டைத் தேய்த்துப் பார்த்த குழந்தைக்கும் அதைக் கேட்கும் தகுதி வந்துவிடுகிறது.

இனி நீலம். லாபிஸ் லசுலியை வாங்கப் பஞ்சாயத்து ஒன்றியப் பள்ளியால் முடியாது. தேவையும் இல்லை. பிரான்சில் 1824இல் ஒரு சங்கம், செயற்கை அல்ட்ராமரின் செய்பவருக்கு 6,000 பிராங்கு பரிசு என்று அறிவித்தது. சில ஆண்டுகளில் ழான்-பாப்திஸ்த் கிமே அதைச் செய்துகாட்டிப் பரிசைப் பெற்றார். வெண்களிமண், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் வேகவைத்து எடுக்கும் இந்தப் பொடிக்கும் பதக்‌ஷான் கல்லுக்கும் உள்ளமைப்பு ஒன்றே. அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் அணுக்கள் கட்டிய கூட்டுக்குள் மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த அயனி சிறைப்பட்டிருக்கும். நீலமாகத் தெரிவது அதுதான். நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட பழைய நீலப்பொடி இந்த அல்ட்ராமரினேதான். இப்போதைய சொட்டு நீலம் வேறு சாயம். பொடியாகக் கேட்டு வாங்க வேண்டும். சுண்ணாம்பின் காரத்தை அது தாங்கும். ஆகவே அன்னவாசல் சிறுமி ஒருத்தி தன் ஓட்டில் ஒரு துளி நீலம் வைத்தால், மலைமேல் குளத்தை வரைந்தவர் தொட்ட அதே வேதிப்பொருளைத் தொடுகிறாள்.

கிமேயின் மகன் எமில், தந்தையின் நீலப்பொடி ஆலையில் வந்த செல்வத்தைக் கொண்டு ஆசிய நாடுகளின் சிலைகளைச் சேர்த்தார். 1889இல் பாரிஸில் திறந்த கிமே அருங்காட்சியகம் இன்று ஆசியக் கலைக்கு ஐரோப்பாவின் பெரிய வீடுகளில் ஒன்று. சோழர் காலச் செப்புத்திருமேனிகளும் அங்கே இருக்கின்றன.

சித்தன்னவாசல் ஓவியங்களை 1920ஐ ஒட்டி வெளியுலகுக்குச் சொன்னவர்கள் து.அ. கோபிநாத ராவும், புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் கபிரியேல் ழூவோ துப்ரேயும். துப்ரே கோயிற்கலையைப் புத்தகங்களில் மட்டும் படித்தவர் அல்லர். வேலைசெய்துகொண்டிருந்த ஸ்தபதிகளிடமே போய்க் கேட்டுக் கற்றவர். 1937இல் அரிக்கமேட்டில் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கிய மணிகளையும் கற்களையும் அவர் விலைக்கு வாங்கினார். அவற்றோடு கிடைத்த ஒரு செதுக்குக் கல்லில் இருந்த முகத்தை ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று கண்டார். தமிழகத்துக்கும் ரோமுக்கும் இருந்த வணிகத்தை 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி நிறுவும் முன்பே, அந்தப் பிள்ளைகளின் கைகள் ரோமைத் தொட்டுவிட்டன.

சித்தன்னவாசல் இருக்கும் புதுக்கோட்டைச் சீமையிலும் ரோம் உண்டு. 1898இல் கறுக்காக்குறிச்சியில் ஒரு பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். குழந்தைகள் களிமண்ணில் காசு செய்து, முகம் பதித்து, தாங்களே அதை வெட்டட்டும். வெட்டிய பிறகு ‘ஏன் வெட்டினார்கள்?’ என்று கேளுங்கள். தங்கம் எடை குறையவில்லை, ஆனால் அந்த முகத்தின் அதிகாரம் போய்விட்டது என்பதை அவர்களே சொல்வார்கள். இனி இது காசு இல்லை, வெறும் பொன் என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று.

சித்தன்னவாசல் மலையிலேயே இருக்கும் ஏழடிப்பட்டம் என்ற குகையில், வழுவழுப்பான கற்படுக்கை ஒன்றின் ஓரத்தில், சுமார் 2,000 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்து இருக்கிறது. எருமைநாட்டில், அதாவது இன்றைய மைசூர்ப் பக்கத்தில், குமுழூர் என்ற ஊரில் பிறந்த ஒருவருக்கு இளையர் செய்துகொடுத்த இருக்கை என்கிறது அது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு உட்கார இடம் செய்து கொடுத்தார்கள், அவர் ஊரின் பெயரையும் மறக்காமல் வெட்டி வைத்தார்கள். பண்பாடுகள் சந்திப்பதைப் பற்றி இதைவிட நேரான பாடநூலை நான் பார்த்ததில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளை மழலை வகுப்பிலிருந்தே பிரெஞ்சில் படிக்க வைத்தார்கள். வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் தொடர்ந்து கவனித்தார்கள். பிரெஞ்சு நன்றாக வந்தது, ஆங்கிலமும் கெடவில்லை. இதைக் காட்டி ஆங்கில வழிப் பள்ளிக்கு வாதாடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளைச் சுற்றி வீடு, கடை, தெரு எங்கும் தாய்மொழி மதிப்போடு நின்றது. தாய்மொழியில் கேள்வி கேட்கத் தெரிந்த குழந்தைக்கு இரண்டாம் மொழி கூடுதல் வரவு. தாய்மொழியைப் பறித்துவிட்டுக் கொடுக்கும் மொழியை வரவு என்று எப்படிச் சொல்வது?

பிரெஞ்சு வகுப்பறை நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் மழலை வகுப்பு முதல் நடக்கிறது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ள ரீயூனியன் தீவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வாரிசுகள் அங்கே பிரெஞ்சில் படிக்கிறார்கள். தீமிதி நடத்துகிறார்கள், முருங்கைக்கீரை சமைக்கிறார்கள். ஃபிரெனே செய்தது போல் அன்னவாசலிலிருந்து இந்தப் பள்ளிகளுக்கு ஒரு பொட்டலம் போகலாம். நீல வண்ணம் வைத்த ஓடு ஒன்று, சின்ன ஓலைப்பெட்டி ஒன்று, வெட்டுப்பட்ட களிமண் காசு ஒன்று, ‘உங்கள் ஊரில் முருங்கையை எப்படிச் சமைப்பார்கள்?’ என்று கேட்டு ஒரு கடிதம். கடிதம் தமிழில் இருக்கட்டும். புதுச்சேரி வகுப்பில் அதைப் படித்துக்காட்டத் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். ரீயூனியன் வகுப்பில் பாட்டி யாரையாவது தேடிப் போக வேண்டியிருக்கும். போகட்டும், அந்தத் தேடலும் பாடம்தானே. பதில் பிரெஞ்சில் வந்தால் படிக்க ஆள் தேடுவது அன்னவாசலின் முறை.