நெல் குடியிருந்த அறை

நாஞ்சில் நாட்டில் ‘புரை’ என்றால் கட்டடம். நெல் கொட்டும் மர அறையை நடுவில் வைத்துக் கட்டிய வீட்டுக்கு அறைப்புரை என்று பெயர். நெல்லும் குடும்பமும் ஒரே கூரைக்குள் வாழ்ந்த வீடு அது.

இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் இதற்குக் காரணம் மழைதான். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லை அறுத்துக் களம் காலியான சில வாரங்களில் ஐப்பசி மழை தொடங்கிவிடும். ஈரமண்ணில் நெல் முளைத்துவிடும் என்பதால், அறையின் தளத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, பலா, ஆயினி, தேக்குப் பலகைகளை நிரையாக அடைத்தார்கள். முன்பலகைகள் சட்டத்தின் காடியில் மேலிருந்து இறங்கும். நெல் குறையக் குறைய ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். பத்தடி நீள அகலமும் ஆறடி உயரமும் உள்ள அறை நிறைந்தால் ஒன்பது டன்னுக்கு மேல் நெல் நிற்கும். அந்தப் பாரம் தாங்கிய உத்தரங்களுக்கு, அறையைக் குடியிருக்க மாற்றினால் வரும் கட்டிலும் அலமாரியும் ஒரு சுமையே அல்ல.

பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தபின் பாசனம் உறுதிப்பட்டது. ஆனால் பிற்காலத்தில் வயல்கள் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறின. அறை வெறுமையாயிற்று.

அதைக் குடியிருக்கும் அறையாக்குவதில் முதல் சிக்கல் இருட்டு. நெல்லுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டியதில்லை, மனிதருக்கு இரண்டும் வேண்டும். இங்கிலாந்தின் பழைய களஞ்சியங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயர்ந்த ஒற்றைக் கூடத்தைத் தடுப்புகளால் துண்டாக்காமல் வீடாக்குவதே அங்கே பாடு. 2014 முதல், சில நிபந்தனைகளோடு, வழக்கமான முழு அனுமதி இன்றியே வேளாண் கட்டடங்களை வீடாக மாற்றிக்கொள்ள அங்கே விதி இடம் தருகிறது. மரபுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்ட கட்டடங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அறைப்புரையில் நிரையை அறுத்துச் சன்னல் வைப்பது பெரும் பிழை. காடியில் நிற்கும் பலகையை உருவி, அதே அளவில் இடைவெளி விட்ட அழிச்சட்டம் இறக்கினால் வெளிச்சம் வரும், வேண்டும்போது பழைய பலகையும் திரும்பும். ஓடுகளுக்கிடையே கண்ணாடி ஓடு பதிப்பது இன்னும் எளிது. உளுத்த துண்டை மட்டும் வெட்டி, அதே இன மரத்தால் ஒட்டுப் போடலாம். கடலோர உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருவேறி மரத்தையும் கெடுக்கும். பழைய மர ஆணியே இங்கே நெடுநாள் நிற்கும். சிதல் ஏறாதிருக்க முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். உயர்த்திய தளத்துக்கு அடியிலுள்ள இடைவெளியைச் சிமெண்டால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இந்த மரவேலையைக் கழற்றித் திரும்பப் பூட்டலாம் என்பதற்குச் சான்று, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. கோட்டயம் மாவட்டப் புதுப்பள்ளியிலிருந்து பெயர்த்துவந்த சிரியன் கிறித்தவர் வீடு அங்கே நிற்கிறது. அதன் நெல்லறையும் அதனுடனேயே வந்தது.