சொட்டும் பெட்ரோலும் வாசல் விளக்கும்

சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் தெபால் வட்டாரத் தாமான்களில், பழைய கார்களின் சிறு பழுதுகளை வீட்டுக்காரரே வாசலில் வைத்துச் சரிசெய்துகொள்வது புதிதன்று. பேட்டரி மாற்றுவதும் பிரேக் கட்டை மாற்றுவதும் பழகிய கைகளுக்கு எளிய வேலைகளே. தொட்டியிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோலைக் கொண்டுசெல்லும் எரிபொருள் குழாயில் ஏற்படும் கசிவு அந்த வரிசையில் சேராது. தரையில் சொட்டும் துளியைக் காட்டிலும், கண்ணுக்குப் புலப்படாமல் அதிலிருந்து எழும் ஆவியே அதில் அஞ்சத்தக்கது.

பல கார்களில் இக்குழாய் அடிப்பகுதியில் எஃகாகவும், தொட்டிக்கும் என்ஜினுக்கும் அருகே, அதிர்வைத் தாங்குவதற்காக, ரப்பராகவும் அமைந்திருக்கும். பால்மரத் தோட்டங்களில் பிறக்கும் இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பி வலுவிழந்துவிடும் என்பதால், 1930களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட நைட்ரைல் எனும் செயற்கை ரப்பரே இக்குழாய்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதுவும் என்ஜின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து விறைத்துப்போக, கிளிப்பு இறுக்கியிருக்கும் விளிம்பில், வளைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன.

பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி வெளிப்படத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலை, சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் ஆகும். எனவே 30 டிகிரியைத் தாண்டும் பினாங்குப் பகலில் சிந்தும் பெட்ரோல் எந்நேரமும் பற்றத் தயாராக இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோடு தரையாகப் பரவுகிறது. வரிசை வீடுகளில் கார் நிற்கும் இடம் கூரை வேய்ந்து, பக்கச் சுவர்களால் அடைபட்டு, கம்பிக் கதவு வழியாக நேரே கூடத்துக்குத் திறப்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஆவி எங்கே போய்ச் சேரும் என்பது விளங்கும். அந்தி வேளையில் தமிழர் வீட்டு வாசலில் விளக்கு எரிகிறது. வெள்ளிக்கிழமையானால் சாம்பிராணித் தட்டும் வெளியே வருகிறது. கார்த்திகைத் தீபத்தன்றோ அகல்விளக்குகள் அதே தரையில், காரின் சக்கரத்துக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக வைக்கப்படுகின்றன. சிந்தியதைத் தண்ணீர் அடித்து வாசல் கால்வாயில் தள்ளிவிடுவது இதனினும் கேடானது. பெட்ரோல் நீரின்மேல் மிதந்தபடியே அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது. கசியும் காரை விளக்குகளிலிருந்து விலக்கித் திறந்தவெளிக்குத் தள்ளிச் செல்வதே, என்ஜினை இயக்காமல் தள்ளிச் செல்வதே, பழுதுபார்ப்பின் முதல் வேலையாகக் கொள்ளத்தக்கது.

அதன்பின் என்ஜின் முற்றிலும் ஆறவேண்டும். கார்புரேட்டர் பொருத்திய 1985ஆம் ஆண்டின் முதல் புரோட்டோன் சாகாவில் குழாயழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு மட்டுமே. பெட்ரோலைப் பீய்ச்சித் தெளிக்கும் இன்ஜெக்ஷன் என்ஜின்கள் பலவற்றில் அது 40 பவுண்டையும் தாண்டும் என்பதோடு, என்ஜினை அணைத்த பிறகும் குழாய்க்குள் தங்கியிருக்கும். கார்க் கையேடு கூறும் முறைப்படி அவ்வழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே குழாயைத் தொடலாம். வெடித்த இடத்தில் டேப் சுற்றுவதும் பசை பூசுவதும் பழுதுபார்ப்பு ஆகா. அந்தத் துண்டை முழுதாக நீக்கி, அந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட எரிபொருள் குழாயைப் பொருத்தவேண்டும். ரேடியேட்டர் நீர்க்குழாயோ வேறெந்த ரப்பர்க் குழாயோ அதற்கு ஈடாகாது. கிளிப்பிலும் கவனம் தேவை: பட்டையில் துளைவரிசை கொண்ட சாதாரணத் திருகுக் கிளிப்பு இறுக்கும்போது ரப்பரை அறுத்துவிடக்கூடும் என்பதால், விளிம்பு மடக்கிய, உட்புறம் வழவழப்பான இன்ஜெக்ஷன் கிளிப்பே உகந்தது. வேலை முடிந்ததும் சாவியை இரண்டு மூன்று முறை திருப்பி, என்ஜினை இயக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, இணைப்புகளில் ஈரம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.

பட்டறைக் கூலியை மிச்சப்படுத்தலாம் என்போரின் வாதத்திலும், எட்டும் இடத்திலுள்ள ரப்பர்த் துண்டோடு வேலை முடியும்வரை, நியாயம் உண்டு. சேறு தங்கித் துருவேறிய எஃகுக் குழாயும், கிளிப்புக்குப் பதிலாகப் பூட்டிணைப்புக் கொண்ட நைலான் குழாயும், தொட்டியை இறக்கினால் மட்டுமே எட்டக்கூடிய இணைப்புகளும் வீட்டு வேலைக்கு உரியவை அல்ல. குழாயை மாற்றிய பிறகும், தொட்டி நிறைய எண்ணெய் போட்ட நாள்களில் மட்டும் வாடை வருமானால், தொட்டியின் மேலுள்ள பம்பு மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருக்க வாய்ப்புண்டு; அப்போது காரை இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புவதே முறை.