கழிவு மீன் குவியலில் ஆழ்கடல்

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கரையணைந்ததும் மீனை வகை பிரிப்பார்கள். வஞ்சிரம், வவ்வால், இறால், கணவாய் என விலை போகிறவை தனித்தனிக் கூடைகளுக்குப் போகும். குஞ்சு குறுமான்கள், கால் உடைந்த நண்டு, பெயர் தெரியாத உயிர்கள் எல்லாம் கழிவு மீன் என்று ஒரே குவியலாகிவிடும். அது காய்ந்து கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போய்ச் சேரும். படகு நூறு பாக ஆழத்துக்கு அப்பால் மடி இழுத்து வந்திருந்தால் அந்தக் குவியலில் ஆழ்கடலும் கொஞ்சம் கலந்திருக்கும். ஆழ்கடல் உயிர்களை ஆராய்கிற கடல் உயிரியலாளருக்கு விலை போகும் கூடைகளைவிட இந்தக் குவியல்தான் முக்கியம்.

ஆழ்கடல் ஆராய்ச்சி என்றால் பெரிய கப்பலும் நீர்மூழ்கியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான். ஆனால் நம் கடலில் புதிய உயிரினங்கள் பல, மீன் இறங்குதளங்களில் கண்டெடுக்கப்பட்டவை. கடலூர் மாவட்டத்தின் முடசலோடை இறங்குதளத்தில் கிடைத்த ஒரு விலாங்கு இனத்துக்கு 2023இல் ‘ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுஎன்சிஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். அது ஆழ்கடல் மீன் அல்ல, கரையோரத்து மீன். மீனவர் கண்ணில் காலங்காலமாகப் பட்டிருக்கக்கூடிய ஒரு மீனே 2023 வரை அறிவியலுக்குப் பெயர் தெரியாமல் இருந்தது என்றால், எண்ணூறு மீட்டருக்குக் கீழே என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி ஓர் இனத்தை உறுதிசெய்வது பொறுமை கேட்கிற வேலை. மீனை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, நிறம் மங்குவதற்குள் படம் எடுக்க வேண்டும். தலை நீளம், கண் விட்டம், தாடையில் பற்கள் அமைந்த வரிசை என ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். சிறு துண்டுத் தசையை மரபணுச் சோதனைக்காக ஆல்கஹாலில் போட்டுவிட்டு, உடலை ஃபார்மலினில் பதப்படுத்துவார்கள். வரிசையை மாற்றி முழு மீனையும் முதலிலேயே ஃபார்மலினில் போட்டுவிட்டால் மரபணு சிதைந்துவிடும். விலாங்கு என்றால் எக்ஸ்ரே எடுத்து முதுகெலும்புக் கணுக்களை எண்ணுவார்கள். வெளியே பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்களை அந்த எண்ணிக்கை பிரித்துக் காட்டிவிடும். தமிழ்நாட்டுப் பெயர் கொண்ட அந்த விலாங்கை இனம் பிரிப்பதில் கணுக்களின் எண்ணிக்கையோடு, தலையிலும் உடலிலும் வரிசையாக ஓடும் நுண்ணிய கரும்புள்ளிகளும் உதவின.

200 மீட்டருக்குக் கீழே இருப்பதைத்தான் ஆழ்கடல் என்கிறார்கள். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் விரிகுடா ஆழமற்ற கடல். காரைக்காலுக்கு நேர் கிழக்கே நிலைமை வேறு. அங்கே கண்டத்திட்டு குறுகலானது. அதன் விளிம்பைத் தாண்டியதும் கடல்தரை சரிந்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆயிரம் மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் நூறு கிலோ எடை அழுத்தும். சூரிய ஒளி அங்கே எட்டாது. வங்காள விரிகுடாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. கங்கை முதல் காவிரி வரை ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், கடலின் மேல் எடை குறைந்த அடுக்காகப் பரவிக் கிடப்பதால் மேல்நீரும் கீழ்நீரும் எளிதில் கலப்பதில்லை. சுமார் நூறு மீட்டருக்குக் கீழே தொடங்கிப் பல நூறு மீட்டர் ஆழம் வரை ஆக்சிஜன் மிகக் குறைவு. அதையும் பொறுத்து வாழப் பழகிய உயிர்கள் இருக்கின்றன. உடலில் ஒளிப்புள்ளிகள் கொண்ட விளக்குமீன்கள் இரவில் மேலே வந்து இரை தின்று, விடிவதற்குள் இருட்டுக்கே திரும்பிவிடும். மேற்பரப்பின் கரிமச்சத்தைத் தினமும் கீழே கொண்டுசேர்ப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கடலின் ஆழத்தை முதலில் வலை போட்டுத் துழாவியது ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற கப்பல். கடற்படம் வரைவதற்காக 1881இல் கட்டப்பட்டது. அதில் 1888 முதல் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணியாற்றிய ஆல்ஃப்ரெட் ஆல்காக், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஏராளமான ஆழ்கடல் மீன்களையும் நண்டு, இறால்களையும் விவரித்து எழுதினார். அவர் பெயரைத் தாங்கியது ‘அரிஸ்டியஸ் ஆல்காக்கி’ என்ற சிவப்பு இறால். 1990களின் இறுதியில் கொல்லம் பக்கத்து விசைப்படகுகள் ஆழ்கடல் இறாலைத் தேடிப் போகத் தொடங்கியபோது, விலை கிடைத்த இறால்களில் அதுவும் ஒன்று. அருங்காட்சியகக் குப்பியில் இருந்த உயிர் ஏற்றுமதிப் பெட்டிக்குள் போனது. அது எத்தனை வயதில் முட்டையிடும், எவ்வளவு பிடித்தால் தாங்கும் என்ற கேள்விகளை நாம் அதற்குப் பிறகுதான் கேட்க ஆரம்பித்தோம்.

ஆழ்கடல் சுறாக்களின் கதை இன்னும் கசப்பானது. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் நெடுந்தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். ஆழத்தில் வாழும் ‘கல்பர்’ சுறாக்களின் ஈரலில் ஸ்குவாலின் என்ற எண்ணெய் நிறைந்திருக்கிறது. அழகுசாதனப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் அது வேண்டும் என்பதால் விலை ஏறியது, பிடிப்பும் ஏறியது. இந்தச் சுறா ஒரு பிரசவத்துக்கு ஒன்றிரண்டு குட்டிதான் போடும். இனப்பெருக்க வயதை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். மாலத்தீவில் 1980களில் தொடங்கிய இதே வேட்டை, இருப்பு வற்றிப்போனதால் தானாகவே நொடித்தது. அங்கே சுறா பிடிக்கத் தடை வந்தது 2010இல்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை அமலில் இருக்கிறது. கரையோர மீன்களும் இறால்களும் பெருகுவதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் மெதுவாக வளர்ந்து, தாமதமாக முதிர்ந்து, சில குட்டிகளை மட்டுமே ஈனும் ஆழ்கடல் உயிருக்கு இரண்டு மாத ஓய்வு எந்த மூலைக்கு? அதற்குத் தேவை எந்த ஆழத்துக்கு எந்த வலை போகலாம் என்கிற வரம்பு.

காரைக்காலுக்கு இது ஏதோ தூரத்துப் பிரச்சினை அல்ல. இழுவைப் படகுகள் பாக் கடலில் எல்லை தாண்டுவதும் கைதாவதும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. 2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் படகில் இருந்தவர்கள் காயமடைந்தார்கள். இதற்கெல்லாம் தீர்வாக அரசு திரும்பத் திரும்பச் சொல்வது ஆழ்கடல் மீன்பிடிப்பு. பாக் விரிகுடா இழுவைப் படகுகளுக்கு மாற்றாகச் சூரை பிடிக்கும் படகுகளுக்கு மானியம் தரும் திட்டம் 2017இல் தமிழ்நாட்டில் தொடங்கியது. நடுநீரில் தூண்டில் போட்டுச் சூரை பிடிப்பதை நான் வரவேற்கிறேன். அது கடல்தரையைத் தொடாது. அதே படகு ஆழத்தில் இழுவை மடி போட்டால் கதையே வேறு. பவளமும் கடற்பஞ்சும் நூற்றாண்டுகளாக வளர்ந்த தரையை ஒரே இழுப்பில் வழித்துவிடும். மீனவர் பிழைப்பும் கடலின் பிழைப்பும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் நினைக்கவில்லை. எந்தக் கருவி என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மீனுக்கு மட்டுமல்ல, கடல்தரைக்கும் ஆள் வந்துவிட்டது. காவிரிப் படுகையின் ஆழ்கடல் பகுதிகள் எண்ணெய், எரிவாயு ஏலத்துக்கு வருகின்றன. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் உலோக முண்டுகளைத் தேடும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் ‘வராஹா’ என்ற அகழ்வு எந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்கப்போகும் ‘மத்ஸ்யா 6000’ கலமும் அங்கேதான் உருவாகிறது. 2025 ஆகஸ்ட்டில் அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி ஆர். ரமேஷ், பிரான்ஸின் ‘நாட்டில்’ கலத்தில் அட்லாண்டிக்கில் 4,025 மீட்டர் வரை இறங்கி வந்தார். தோண்டும் கருவி எவ்வளவு வேகமாக வளர்கிறதோ, உயிர்களைக் கணக்கெடுக்கும் வேலையும் அவ்வளவு வேகமாக வளர வேண்டும் என்பதே என் கவலை.

கணக்கெடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கிருஷ்ணா–கோதாவரிப் படுகை நல்ல சான்று. அங்கே 900 முதல் 1,800 மீட்டர் ஆழத்தில் மீத்தேன் கசியும் ஊற்றுகளைக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டறிந்து 2019இல் அறிவித்தார்கள். ஊற்றைச் சுற்றிச் சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் வாழ்கின்றன. சூரியனை நம்பாமல், உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் வேதிப்பொருளிலிருந்து ஆக்கித் தரும் உணவில் பிழைக்கிற கூட்டம் அது. நம் பொருளாதார மண்டலத்துக்குள் அப்படி ஓர் உலகம் இருப்பது அதுவரை பதிவாகவில்லை.

ஆகவே காரைக்கால் வாசகர்களுக்கும் படகு உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மடியில் இதுவரை பார்க்காத உயிர் வந்தால் கழிவுக் குவியலில் தள்ளிவிடாதீர்கள். உயிரோடு இருக்கும் சுறாவையோ ஆமையையோ கடலிலேயே விட்டுவிடுங்கள். செத்துப்போனது என்றால் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். எத்தனை பாகத்தில் மடி போட்டீர்கள், ஜிபிஎஸ் காட்டிய இடம் எது, என்ன தேதி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மீனோடு பையில் போட்டு ஐஸில் வையுங்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. எது பக்கமோ அங்கே தகவல் சொல்லுங்கள். ஆழமும் இடமும் எழுதாத மாதிரி ஆய்வாளருக்குப் பாதிதான் பயன்படும். அந்தச் சீட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்.