ஒரு நூல் பிசகினால்...

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை ஒன்றை நீங்கள் பார்த்ததுண்டா? 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு உருவாகும் இடம் அது. அங்கே அரத்தால் ராவிக்கொண்டிருப்பவர், “இன்னும் ஒரு நூல் குறைக்கணும்” என்பார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு நூல் பிசகினால் சாவி திரும்பாது.

கணிப்பொறியிலும் இத்தகைய ஒரு நூல் பிசகு உண்டு. ஆனால் அங்கே சாவி திரும்பிவிடும்! அதனால்தான் பிசகு வெளியே தெரிவதில்லை.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இயங்கும் பழைய கணிப்பொறி ஒன்று உண்டு. அதனுடன் இணைந்த அளவீட்டுக் கருவி, புதிய கணிப்பொறிகளுடன் ஒத்துப்போவதில்லை. ஒருநாள் அதன் ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கத் தொடங்கியது. பல ஆண்டுகளாக மாணவர்கள் எடுத்த அளவீடுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. உடனே அதை அப்படியே ஒரு எஸ்.எஸ்.டி.க்குப் படியெடுத்தோம். கணிப்பொறி இயங்கியது. ஆனால் அளவீடுகளைச் சிறிது சிறிதாகப் பதிவு செய்யும்போதெல்லாம் திக்கித் திக்கி நின்றது. புதிய பொருள் ஏன் திணற வேண்டும்? முதல் பிரிவு, அதாவது பார்ட்டிஷன், எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தோம். விடை: 63.

63 எங்கிருந்து வந்தது?

ஹார்டு டிஸ்கின் தட்டுகளில் செய்தி வட்ட வட்டமான தடங்களில் பதிகிறது. ஒவ்வொரு தடமும் செக்டர் என்னும் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு செக்டரில் 512 பைட்டுகள். பழைய தனிநபர் கணிப்பொறிகளில் செக்டரின் எண்ணைக் குறிக்க 6 பிட்டுகளே ஒதுக்கப்பட்டன. 6 பிட்டுகளால் 64 எண்களை எழுதலாம். ஆனால் செக்டர்களை 1இலிருந்து எண்ணியதால், ஒரு தடத்துக்கு அதிக அளவு 63 செக்டர்கள்தாம்.

முதல் தடத்தைத் துவக்கக் குறிப்புகளுக்கென்று விட்டுவிட்டு, அடுத்த தடத்திலிருந்து பிரிவைத் தொடங்குவது வழக்கமாயிற்று. வட்டு முழுவதையும் 0இலிருந்து வரிசையாக எண்ணினால், 0 முதல் 62 வரை முதல் தடம். ஆகவே பிரிவு 63இல் தொடங்கும். பின்னாளில் தடங்களின் அமைப்பு மாறிய பிறகும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

எட்டு நூல், ஓர் அங்குலம்

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, தடமும் இல்லை. அதன் கட்டுப்பாட்டுச் சில்லு பெரும்பாலும் 4096 பைட்டுகளை ஓர் அலகாகக் கொண்டு கணக்கு வைக்கிறது. 4096ஐ 512ஆல் வகுத்துப் பாருங்கள். எட்டு! செக்டரை நூல் என்றால், இந்த அலகு ஓர் அங்குலம்.

எக்ஸ்.பி.யும் கோப்புகளை வழக்கமாக எட்டு எட்டு செக்டர்களாகவே எழுதுகிறது. பிரிவு 63இல் தொடங்கினால் முதல் எட்டு எவை? 63 முதல் 70 வரை. ஆனால் எஸ்.எஸ்.டி.யின் அலகுகள் 56 முதல் 63 வரை ஒன்று. 64 முதல் 71 வரை மற்றொன்று. ஆக, ஒரு செக்டர் ஓர் அலகிலும் ஏழு செக்டர்கள் அடுத்த அலகிலும் விழுகின்றன. ஓர் அலகை எழுத வேண்டிய இடத்தில், இரண்டு அலகுகளைப் படித்து, திருத்தி, மீண்டும் எழுத வேண்டியதாகிறது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதும்போது இந்த நட்டம் சிறிது. எங்கள் கருவி போலச் சிறு சிறு பதிவுகளாக எழுதும்போதோ பெரிது.

தேயும் சுவர்

வேகம் குறைவது மட்டுமா? இல்லை. எஸ்.எஸ்.டி.யின் ஒவ்வொரு நினைவகக் கூறிலும் ஆக்சைடு என்னும் மெல்லிய காப்புச் சுவர் உண்டு. எழுதும்போதும் அழிக்கும்போதும் உயர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் அச்சுவரை ஊடுருவிச் செல்கின்றன. பந்து ஒன்று சுவரை உடைக்காமல் மறுபக்கம் செல்லுமா? எலக்ட்ரான் செல்லும்! இதுவே குவாண்டம் ஊடுருவல். மின்புலத்தால் நிகழும் இவ்வகை ஊடுருவலை ஃபௌலரும் நார்தைமும் 1928இல் கணக்கிட்டுக் காட்டினர்.

ஒவ்வொரு முறை ஊடுருவும்போதும் சுவர் சிறிது பழுதடைகிறது. தேவையின்றி இருமடங்கு எழுதினால் ஆயுளும் வீணே கரையும்.

சரிபார்ப்பது எப்படி?

2007இல் பரவலாக வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், புதிதாக அமைக்கும் பிரிவுகள் வழக்கமாக 2048ஆம் செக்டரில் தொடங்குகின்றன. 2048 எட்டால் மீதியின்றி வகுபடும். ஆனால் எக்ஸ்.பி. காலத்துப் பிரிவின் மேலேயே புதிய விண்டோஸை நிறுவியிருந்தால், பழைய 63 அப்படியே இருக்கும். படியெடுத்தாலும் அதுவே உடன் வரும்.

லினக்ஸில் ‘எஃப்டிஸ்க்’ என்னும் கட்டளை, பிரிவு தொடங்கும் செக்டரைக் காட்டும். அதை 8ஆல் வகுங்கள். விண்டோஸின் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் தொடக்க இடம் பைட்டுகளில் இருக்கும். அதை 4096ஆல் வகுங்கள். மீதி வரக்கூடாது.

மீதி வந்தால் என்ன செய்வது? முதலில் கோப்புகளை வேறொரு வட்டில் காப்பாற்றி வையுங்கள். இதை மறக்கலாகாது. பிறகு, பிரிவை 2048இல் தொடங்கும்படி நகர்த்தித் தரும் மென்பொருளைக் கொண்டு மீண்டும் படியெடுங்கள். பிரிவு எங்கே தொடங்குகிறது என்னும் எண் துவக்கக் குறிப்பிலும் பதிந்திருக்கும். அதையும் மாற்றாவிட்டால் கணிப்பொறி துவங்காமல் நின்றுவிடக்கூடும். நல்ல மென்பொருள் இரண்டையும் சேர்த்தே திருத்தும். நாங்கள் அவ்வாறே செய்தோம்; திக்கல் நின்றது. பழைய அளவீடுகளும் பத்திரமாக உள்ளன.

தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி உங்கள் வீட்டில் இருக்கலாம். தொடக்க ஆண்டுகளில் வந்தவை ஹார்டு டிஸ்க் கொண்டவை. அதை எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற எண்ணினால், முதலில் எண்ணைப் பாருங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு. ஒரு பிரிவு 2,06,848ஆம் செக்டரில் தொடங்குகிறது. அது சரியான இடமா? கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் 8ஆல் வகுத்தாலே விடை கிடைத்துவிடும். ஏன் அப்படி என்று எண்ணிப் பாருங்கள்!