பழனி சுப்பிரமணிய பிள்ளை

பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) தமிழ்நாட்டைச் சேர்ந்த மிருதங்க, கஞ்சிராக் கலைஞர். இடது கையால் வாசித்தவர். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து, மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராக இவரைக் கூறுவர்.

குருமரபு

இவருடைய தந்தை பழனி முத்தையா பிள்ளை. அவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் (1859–1922) மாணவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை மான்பூண்டியா பிள்ளையைச் சேரும். தாளக் கணக்குகளுக்குப் பெயர்பெற்ற இம்மரபு புதுக்கோட்டைப் பாணி எனப்படுகிறது. சுப்பிரமணிய பிள்ளை தந்தையிடமே பயின்றார்.

இடது கையால் வந்த தடை

மிருதங்கத்தின் வலந்தலையில் கரணை இருக்கும். தெளிவான சொற்கள் அங்கேதான் பிறக்கும். கச்சேரியில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கக்காரரும், இடப்பக்கம் வயலின்காரரும் அமர்வது வழக்கம். வலது கைக்காரர் அவ்வாறு அமர்ந்தால் வலந்தலை சபையோரை நோக்கி இருக்கும். இடது கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் அது மேடையின் உட்புறம் திரும்பிவிடும். நாதம் சபைக்குச் சரியாகச் சென்று சேராது. எனவே அவர் எதிர்ப்பக்கம் அமர வேண்டும்; வயலின்காரர் தம் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லோரும் இதற்கு உடன்படவில்லை. தேர்ந்த வித்துவானாக இருந்தும் இவருக்கு வாய்ப்புகள் குறைந்ததற்கு இதுவே காரணம்.

இந்நிலையில் இவருக்குத் துணைநின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளுக்கு இவரைத் தொடர்ந்து அழைத்து, மேடையில் நிலைபெறச் செய்தார்.

வாசிப்புச் சிறப்பு

தொப்பிப் பக்கத்தில் எழும் கும்கி நாதம் இவருடைய தனி அடையாளம். மற்றவர்கள் இடது கையால் எழுப்பும் அந்த நாதத்தை இவர் வலது கையால் எழுப்பினார். கடினமான கணக்குகளையும் செவிக்கு இனிமையாக வாசித்தார். பாட்டின் போக்கை அறிந்து, தேவையான இடத்தில் அடக்கி வாசிப்பதும் இவர் வழக்கம். மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளில் இவர் கஞ்சிரா வாசித்ததுண்டு.

மாணவர்கள்

இவரிடம் பயின்ற தி. ரங்கநாதன், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி; அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். மற்றொரு மாணவரான திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். ஜாஸ் போன்ற மேலைநாட்டு இசைகளைப் பயின்ற தாளக் கலைஞர்களுக்கும் இவ்விருவர் வழியாக நம் தாள முறை அறிமுகமானது. உள்ளூர் மேடையில் அமர இடம் கிடைக்காமல் தவித்த ஒருவரின் வித்தை, கடல் கடந்து வகுப்பறைகளில் பாடமாயிற்று.