நகலெடுக்க உரிமை உண்டு, கருவியும் உண்டு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் சாலை, விதுராவைத் தாண்டிக் கல்லாற்றுக்கு வந்ததும் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து உச்சிவரை 22 கொண்டை ஊசி வளைவுகள். வாமனபுரம் ஆற்றின் மேல்கிளை உருண்டைக் கற்களின் மேல் ஓடும் அழகைப் பார்க்க வருபவர்கள் மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். இங்கேயே குடியிருப்பவர்களுக்கு இந்த மலையின் இன்னொரு குணமும் தெரியும். ஏப்ரல், மே மாதங்களிலும் மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் உச்சி வெயில் சாய்ந்ததும் இடி இறங்கும். அந்த மாதங்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணிவரை கவனமாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கும். மின்சாதனங்களின் பிளக்கைப் பிடுங்கிவைப்பது அந்த எச்சரிக்கையில் தவறாமல் இடம்பெறும் அறிவுரை.

பிளக்கைப் பிடுங்க மறந்த ஒரே ஒரு பிற்பகல் போதும். மறுநாள் காலை கணினி லேபில் சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ‘பூட் செய்ய டிஸ்க் இல்லை’ என்று வரும். புதிய ஹார்ட் டிஸ்க் கடையில் கிடைக்கும். பழையதில் இருந்த இயங்குதளம், மென்பொருள்கள், அச்சு இயந்திரத்துக்கும் புரொஜெக்டருக்கும் செய்துவைத்த அமைப்புகள், ஒரு வருடமாக மாணவர்கள் வரைந்தும் எழுதியும் சேர்த்த கோப்புகள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கேரளத்தில் இந்த இழப்பின் கனம் கொஞ்சம் அதிகம். இங்கே பத்தாம் வகுப்பில் ஐ.டி. ஒரு தேர்வுப் பாடம். செய்முறைத் தேர்வுக்கான மென்பொருளைப் பள்ளி லேபின் லினக்ஸ் கணினிகளிலேயே நிறுவித்தான் தேர்வு நடத்துகிறார்கள். தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு கணினி படுத்துவிட்டால் மாணவர்களின் வரிசை நீளும். பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளரான ஆசிரியர், ‘எஸ்.ஐ.டி.சி.’ என்று எல்லோரும் கூப்பிடுபவர், அன்று வீட்டுக்குப் போக இரவாகிவிடும்.

இந்த லினக்ஸ் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2001 ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில்தான் கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் பிறந்தது. 2017இல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. உபுண்டுவை அடித்தளமாக வைத்து, ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா போன்ற கல்வி மென்பொருள்களைச் சேர்த்துத் தனக்கென ஓர் இயங்குதளத்தை கைட் தயாரிக்கிறது. 2019இல் உபுண்டு 18.04 அடிப்படையிலான பதிப்பை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குக் கொண்டுபோனபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று கைட் கணக்குச் சொன்னது. பத்திரிகைகள் அந்தத் தொகையைத் தலைப்பாக்கின.

லேபில் வேலை செய்பவர்களுக்கு அந்தத் தொகையைவிடப் பயன்படும் சலுகை வேறொன்று. கட்டற்ற மென்பொருளை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம், எந்தக் கணினியில் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கும் கொடுக்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு கணினியின் சிஸ்டம் டிஸ்கை அப்படியே படியெடுத்துப் பக்கத்துக் கணினிக்கு வைப்பது இங்கே முழுக்கச் சட்டப்படியான காரியம். மாறாக, கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினியின் மதர்போர்டோடு கட்டுண்டது. டிஸ்கைப் படியெடுக்க முடிந்தாலும் உரிமம் கூட வராது. சரியாக அமைத்த ஒரு கணினியிலிருந்து முழு லேபையும் உருவாக்கும் உரிமை கேரளப் பள்ளிகளின் கையில் இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தத் தேவையான கருவிகள் அதே இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கின்றன. பலரும் அவற்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

ஒரே இடத்தில் இருக்கும் அறிவு எவ்வளவு பாதுகாப்பற்றது என்பது கல்லாற்றுக்குப் புதிதல்ல. இங்கே காட்டுக்குள் வாழும் காணி இன மருத்துவர் லக்ஷ்மிக்குட்டி அம்மா சுமார் 500 மூலிகை மருந்துகளைத் தன் நினைவிலிருந்தே தயாரிப்பவர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அறிவு ஒரு தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது என்றுதான் அதை நூலாகத் தொகுக்கக் கேரள வனத்துறை முடிவெடுத்தது.

கணினியில் பேக்கப் என்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது, டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைப் பென்டிரைவில் இழுத்துப்போடுவது. கோப்புகள் பிழைக்க அது போதும். கணினி மறுபடி எழுந்திருக்க அது போதாது. சிஸ்டம் டிஸ்கில் கண்ணுக்குத் தெரியாத பகுதிகள் உண்டு: கணினியை எழுப்பும் சிறிய ‘இ.எஃப்.ஐ.’ பார்ட்டிஷன், டிஸ்கில் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பட்டியல், எந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம் என்ற அனுமதிக் குறிப்புகள். இழுத்துப்போடும்போது இவை வருவதில்லை. ஆகவே சிஸ்டம் டிஸ்குக்கு இரண்டு வழிகள்தான். ஒன்று, டிஸ்கை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட்வரை அப்படியே படியெடுப்பது. இன்னொன்று, அனுமதிகளும் இணைப்புகளும் கெடாமல் கோப்புகளை மாற்றிவிட்டு, பூட் பகுதியைப் புதிதாக எழுதுவது.

முதல் வழிக்கான கருவி ‘டிடி’. 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்பில் வந்த கட்டளை இது. இன்றைக்கும் எல்லா லினக்ஸிலும் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து புதிய எஸ்.எஸ்.டி.க்கு மாறும் ஒரு லேப் கணினியை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் தன்னையே படியெடுத்தால், எடுக்கும்போதே கோப்புகள் மாறிக்கொண்டிருக்கும், பிரதி கோணலாகிவிடும். அதனால் கணினியை லைவ் பென்டிரைவிலிருந்து, அதாவது நிறுவாமலே ஓடும் லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து, பூட் செய்ய வேண்டும். பிறகு டெர்மினலைத் திறந்து ‘எல்.எஸ்.பி.எல்.கே.’ என்று தட்டினால், பொருத்தியிருக்கும் டிஸ்குகள் அளவோடு வரிசையாகத் தெரியும். எது பழையது, எது புதியது என்பதை அளவையும் மாடல் பெயரையும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. ஏனென்றால் டிடி கேள்வி கேட்காது. அதில் ‘ஐஎஃப்’ என்ற இடத்தில் மூலத்தையும் ‘ஓஎஃப்’ என்ற இடத்தில் சேருமிடத்தையும் தர வேண்டும். இரண்டும் இடம் மாறினால், வெற்று டிஸ்கின் சுழியங்கள் பழைய டிஸ்கின் மேல் எழுதப்படும். பிறகு திரும்பப்பெற வழியில்லை.

கட்டளையோடு ‘ஸ்டேட்டஸ் புரோகிரெஸ்’ என்றும் சேர்த்தால் எவ்வளவு முடிந்தது என்பது ஓடும் எண்ணாகத் தெரியும். நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் போகும் 500 ஜி.பி. டிஸ்க் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே வேலையைப் பழைய யு.எஸ்.பி. 2.0 கேபிள் வழியே செய்தால் நாலரை மணி நேரம் ஆகலாம். மின்சாரம் அடிக்கடி போகும் மலையடிவாரத்தில் இந்த வித்தியாசம் பெரிது. யு.பி.எஸ். பேட்டரி தாங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டே புதியதில் பூட் செய்ய வேண்டும். டிடி ஒவ்வொரு பார்ட்டிஷனின் அடையாள எண்ணையும் சேர்த்துப் படியெடுத்திருக்கும். ஒரே எண்ணோடு இரண்டு டிஸ்குகள் இருந்தால் சிஸ்டம் எதிலிருந்து எழுந்திருப்பது என்று குழம்பும். புதியதில் ஓடுகிறோம் என்று நினைத்துப் பழையதிலேயே வேலை செய்துகொண்டிருப்பவர்களும் உண்டு. புதிய டிஸ்க் பெரியதாக இருந்தால் மீதி இடம் சும்மா கிடக்கும். மறுபடி லைவ் பென்டிரைவில் வந்து ‘ஜிபார்ட்டட்’ நிரலில் பார்ட்டிஷனின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் அந்த இடமும் கிடைத்துவிடும்.

பள்ளிகளில் நடைமுறையில் வரும் சிக்கல் இதற்கு நேர்மாறானது. பழைய ஹார்ட் டிஸ்க் 500 ஜி.பி.; பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகும் எஸ்.எஸ்.டி. 240 ஜி.பி. பெரியதைச் சிறியதில் டிடி ஊற்ற முடியாது. பயன்பாட்டில் இருப்பது 60 ஜி.பி.தான் என்றாலும் அது வெற்றிடத்தையும் சேர்த்தே எண்ணும். இங்கேதான் இரண்டாவது வழி கைகொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ கருவி, இருக்கும் கோப்புகளை மட்டும், உரிமையாளர், அனுமதி, இணைப்பு எல்லாவற்றோடும் மாற்றித்தரும். எஸ்.எஸ்.டி.யில் முதலில் பார்ட்டிஷன்களை உருவாக்கி, ஆர்சிங்க்கை ஓட்டி, பிறகு மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். புதிய அடையாள எண்களை ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் எழுதுவது, ‘கிரப்’ என்ற பூட் நிரலைப் புதிய டிஸ்கில் நிறுவுவது, அதன் பட்டியலைப் புதுப்பிப்பது. முதல் கணினிக்கு ஒரு மாலை போகும். கையெழுத்தில் குறித்துவைத்திருந்தால் இரண்டாவது கணினிக்கு அதில் பாதி நேரம்கூட ஆகாது.

கட்டளைகளைக் கண்டு தயங்குபவர்களுக்கு உபுண்டு மெனுவிலேயே ‘டிஸ்க்ஸ்’ என்ற நிரல் இருக்கிறது. டிஸ்கைத் தேர்ந்து, ஓரத்து மெனுவில் இமேஜ் உருவாக்கச் சொன்னால், முழு டிஸ்கையும் ஒரே கோப்பாக வெளி டிஸ்கில் வைத்துவிடும். வேண்டும்போது அதே மெனுவிலிருந்து திருப்பி எழுதலாம். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையும் அதே நிரலில் உண்டு. சேதமான செக்டர்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால், டிஸ்க் சாகப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சென்னை சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தும் தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் டிடியும் ஆர்சிங்க்கும் இதே மாதிரிதான் வேலை செய்யும்.

பள்ளி வளாகத்துக்கு வெளியே, வீடுகளிலும் கடைகளிலும் விண்டோஸ்தான் அதிகம். அதிலும் உள்கருவி உண்டு. கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரிஸ்டோர் (விண்டோஸ் 7)’ என்ற பழைய பெயரோடு ஒளிந்திருக்கும் அதில் சிஸ்டம் இமேஜ் எடுக்கலாம். ‘டபிள்யூபிஅட்மின்’ கட்டளையும் அதே வேலையைச் செய்யும். இமேஜைச் சேமிக்கும் வெளி டிஸ்க் என்.டி.எஃப்.எஸ். வடிவில் இருக்க வேண்டும். திருப்பி எழுதப்படும் டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. விண்டோஸின் டிஸ்க் மறையாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினிக்கு வெளியே எழுதிவைக்காமல் எதையும் தொடக் கூடாது. இந்த இமேஜ் வசதியை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017இலேயே அறிவித்துவிட்டது, இன்னும் எடுத்துவிடவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை லினக்ஸுக்கு மாற்ற நினைப்பவர்கள், மாற்றுவதற்கு முன் இந்த இமேஜை ஒருமுறை எடுத்துவைத்தால் பின்வாங்க ஒரு வழி இருக்கும்.

எடுத்த பிரதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ‘வான்னாகிரை’ என்ற தீம்பொருள் உலகைச் சுற்றியபோது கேரளத்தில் முதலில் அகப்பட்டவற்றில் கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களும் இருந்தன: வயநாட்டில் தரியோடு, பத்தனம்திட்டாவில் அருவாப்புலம். வார இறுதி கழிந்து திங்கட்கிழமை கணினியைத் திறந்தவர்களுக்குத் திரையில் 300 டாலர் கேட்கும் அறிவிப்பு காத்திருந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு, கதிர்வீச்சு சிகிச்சையே தடைபட்டது. இத்தகைய மென்பொருள்கள் கணினியோடு இணைந்திருக்கும் எந்த டிஸ்கையும் விட்டுவைப்பதில்லை. பேக்கப் டிஸ்கை எப்போதும் செருகியே வைத்திருப்பவர் அதையும் சேர்த்தே இழப்பார். மின்னலுக்கும் இதே கதைதான். வேலை முடிந்ததும் கேபிளைக் கழற்றி வேறு அறையின் அலமாரியில் பூட்டிவைக்கும் பழக்கம் இரண்டு ஆபத்துக்கும் சேர்த்து விடை.

திருப்பி எழுதிப் பார்க்காத பிரதியை நம்பவும் முடியாது. இமேஜ் கோப்பு பாதியில் நின்றிருக்கலாம், வெளி டிஸ்கே பழுதாகியிருக்கலாம். ஓரம்கட்டிய ஒரு பழைய கணினியில் அதை எழுதி, பூட் ஆகி, மாணவர் கோப்பு ஒன்று திறக்கிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். 2018 ஜனவரியில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் இதற்கு மிகப் பொருத்தமான இடம். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே அனிமேஷன் செய்கிறார்கள், நிரல் எழுதுகிறார்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கைக் கையில் பிடித்து, அதன் உள்ளடக்கம் இன்னொரு கணினியில் உயிர்பெறுவதைப் பார்க்கும் வாய்ப்பையும் பள்ளிகள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கேரளத் தமிழ்வழிப் பள்ளிகளின் மாணவர்கள் ஐ.டி. பாடத்தைத் தமிழிலேயே படிக்கிறார்கள் என்பதால், அங்கே இந்தச் செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதி லேப் சுவரில் ஒட்டுவதும் எளிது.

இதற்கு உகந்த நாளையும் நாட்காட்டியே தருகிறது. மார்ச் 31 உலக பேக்கப் தினம். கேரளப் பள்ளிகளுக்கு அந்த வாரத்தோடு தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும். லேப் காலியாக இருக்கும், கோடை இடி இன்னும் முழுவேகம் எடுத்திருக்காது. லேபில் சரியாக ஓடும் ஒரு கணினியின் இமேஜ், மாணவர் கோப்புகளின் தனிப் பிரதி, அவற்றைத் தாங்க ஒரு வெளி டிஸ்க், பூட் செய்ய ஒரு லைவ் பென்டிரைவ்: இவ்வளவையும் லேபைப் பூட்டுவதற்கு முன் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஏதாவது ஒரு கணினி எழுந்திருக்க மறுத்தால், எஸ்.ஐ.டி.சி. ஆசிரியர் புதிய டிஸ்கைப் பொருத்தி இமேஜை எழுதவிட்டு முதல் பீரியடுக்குப் போகலாம்.